நடுச்சுவர் இன்னும் காயவில்லை

அதிராம்பட்டினம்
14.10.2024

கமர் ராத்தாவுக்கு ஃபஹ்மிதாவின் ஸலாம்.

நான்கு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போனில் என் நம்பரை நீங்கள் தடுத்துவைத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. சென்னைக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், சொல்வது ஒன்றும் போய்ச் சேருவது ஒன்றுமாக இருக்கும். அதனால்தான் தபால்.

முதலில் நல்ல சேதி. என் மகள் ஷிஃபாவுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது என்று எழுத வந்தேன், 'என் மகள்' என்று உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது, நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. டிசம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை ஃபைரோஸ் தோஹாவில் ஏசி மெக்கானிக். லீவு ஜனவரி பதினேழு வரைக்கும்தான். அதை விட்டால் அடுத்த வருடம். நம் ஊர் வழக்கப்படி அவர் நம் வீட்டுக்குத்தான் குடிவருவார். வாப்பா வீட்டைப் பாதியாக்கி அக்கா தங்கை நம் இரண்டு பேருக்கும் கொடுத்ததில், என் பாதியில் கதவு சாத்திக்கொள்ள இருப்பது ஒரே அறை. நடுச்சுவரை ஒட்டிய அறை.

ஒரு மாதமாக அந்த அறையோடு மல்லுக்கட்டுகிறேன். ஷிஃபா போனில் ஏதோ படத்தைக் காட்டி, சாம்பல் நிறச் சுவர், சரம் சரமாக விளக்கு என்கிறாள். இவர் வேலை பார்க்கிற பட்டுக்கோட்டை ஜவுளிக்கடையிலிருந்து மீந்த பிட்டுத் துணிகளைக் கொண்டுவந்தார். திரைச்சீலை தைத்துவிட்டேன், நிறம் மட்டும் இரண்டு விதம். பீரோவுக்கு நானே பெயிண்ட் அடித்தேன். சுவருக்குப் பட்டி வைத்து, மழமழவென்று தேய்த்து, நல்ல பெயிண்டாகவே அடித்தோம். ஒன்பதாம் நாள் கொப்புளம் கிளம்பியது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தோம். மறுபடி கொப்புளம். என் கல்யாணத்தின்போது வாப்பா கல் வைத்து அடைத்தாரே, நடுவாசல், அந்த இடத்தில் கை வைத்தால் கை நனைகிறது.

கொத்தனார் அறிவுச்செல்வன் வந்து தட்டிப் பார்த்தார். "அக்கா, ஈரம் இந்தப் பக்கத்துது இல்ல. அந்தப் பக்கம் திறந்து பார்த்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் உங்களுடையது. சாவி உங்களிடம். ஒரே ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டிவிடுகிறோம். சாவியைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை. இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள் ராத்தா.

ஃபஹ்மிதா


மண்ணடி, சென்னை
21.10.2024

ஃபஹ்மிதா,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஷிஃபா கல்யாணச் சேதி நாலு பேர் வாயிலிருந்து வந்து முடிந்த பிறகு உன் கடிதம் வந்தது. இருக்கட்டும். பிள்ளைக்கு என் துஆ எப்போதும் உண்டு.

இரண்டு தடவை படிக்கச் சொன்னாய், ஐந்து தடவை படித்தேன். சாவியை மட்டும் கேட்கிறாய். உம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவில், சோறு ஆறுவதற்குள் உன் வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது என்ன கேட்டார்? "ராத்தாவுக்குத்தான் பொம்பளப் புள்ள இல்லையே, அந்தப் பாதியையும் ஷிஃபா பேருக்கு எழுதிட்டா என்ன?" அத்தனை பேர் முன்னால். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், எனக்குப் பிறந்தது இரண்டும் ஆண் என்று எனக்குத் தெரியாதா? அதைக்கூட விட்டுவிட்டேன். நீ என்ன செய்தாய்? தட்டுத் தட்டாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். நிமிரக்கூட இல்லை.

நான் இங்கே இருப்பது வாடகை வீடு. உன் மச்சான் நடத்துவது வாடகைக் கடை. சென்னையில் எனக்கென்று ஒரு செங்கல் கிடையாது. பையன்கள் இரண்டு பேரும் நாளைக்குக் கட்டிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் நானும் அவரும் எங்கே போய்த் தலை சாய்ப்பது? உம்மா இருந்து கண்மூடிய அந்தப் பாதிதான். இன்றைக்குச் சாவி என்பீர்கள். நாளைக்கு நான்கு பாத்திரம் வைத்துக்கொள்கிறோம் என்பீர்கள். அப்புறம் மாப்பிள்ளை சாமான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதை எனக்குத் தெரியும்.

சாவி தர மாட்டேன்.

அது சரி, சுண்ணாம்புச் சுவருக்கு யாராவது பட்டி வைப்பார்களா? பழைய சுவர் மூச்சு விட வேண்டும். அதன் வாயைப் பொத்தினால் கொப்புளம் வராமல் என்ன வரும்? அத்தனையையும் சுரண்டி எடு. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, மூன்று நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ரப் பசை காய்ச்சிக் கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போட்டு அடி. செலவும் கால்வாசிதான். இரண்டு நிறத் திரைச்சீலையை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொங்கவிடு, வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

கமருன்னிஸா


அதிராம்பட்டினம்
28.10.2024

ராத்தா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் சுண்ணாம்பு வாங்கப் போனேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பட்டியைச் சுரண்டச் சுரண்ட வீடெல்லாம் வெள்ளைத் தூசி, இவருக்கு ஓயாத தும்மல். மூன்று சுவரும் நன்றாக வந்துவிட்டன. நீலம் போட்டதைப் பார்த்து ஷிஃபாவே சாம்பல் நிறத்தை மறந்துவிட்டாள். நடுச்சுவர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடைத்த வாசல் இருக்கிற இடத்தில் சுண்ணாம்பு பிடிக்கவே இல்லை, மோர் மாதிரி வழிகிறது. காலையில் எழுந்ததும், தொழுகைக்கு ஒளூச் செய்வதற்கும் முன்னால், புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். "உம்மா, அதென்ன காய்ச்சக்காரப் புள்ளயா, தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்கிறாள் ஷிஃபா.

"ஏணி வச்சு அவங்க மாடியில ஏறிப் பார்த்துடட்டுமா அக்கா?" என்று கேட்டார் அறிவுச்செல்வன். வேண்டாம் என்றுவிட்டேன். மாடிப்படி உங்கள் பக்கம். உங்களைக் கேட்காமல் உங்கள் தளத்தில் ஒருவரை ஏற்றினால் நாளைக்கு அதுவும் ஒரு பேச்சாகும்.

இன்னொன்று. உங்கள் மாடித் தண்ணீர் என் முற்றத்தில் வந்து விழுமே, வாப்பா வைத்த குழாய், அதில் மூன்று மழைக்காலமாகச் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. நம் ஊர் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்தக் குழாய்க்கு அடியில் அண்டாவை வைத்துப் பிடித்துத்தான் உம்மா காலத்திலிருந்து நமக்குச் சமையலும் தேத்தண்ணியும். இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறோம். ராத்தா போன கோபத்தில் அதுவும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

வருகிற பத்தாம் தேதி மாப்பிள்ளையின் உம்மா அறையைப் பார்க்க வருகிறார்கள். ஃபைரோஸுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டாம், ஈரம் ஆகாதாம். பேச்சுவாக்கில்தான் சொன்னார்கள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பாத்திஹா அன்று நான் ஏன் நிமிரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எழுத இன்றைக்குத் தைரியம் இல்லை.

ஃபஹ்மிதா


மண்ணடி
3.11.2024

ஃபஹ்மிதா,

எந்தக் குழாய்? முற்றத்தில் விழுகிற குழாய்தானா? மூன்று வருடமாகவா விழவில்லை, நன்றாக நினைவிருக்கிறதா? வேப்பஞ்சருகு அடைத்திருக்கும். எங்கே பார்த்தாலும் சருகுதானே அங்கே. அதைப் போட்டு மனசை அலட்டிக்கொள்ளாதே.

பிரம்பு நாற்காலி இரண்டும் தொய்ந்துபோயிருக்கும். உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி வெயிலில் வை, பிரம்பு இறுகிவிடும். உப்புத் தண்ணீருக்கு உனக்குப் பஞ்சமில்லையே. காவித் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதே. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் முகம் தெரியும். ஷிஃபாவின் விளக்குச் சரத்தைக் கட்டிலின் தலைமாட்டில் மட்டும் போடு, அறை பூராவும் போட்டால் செல்போன் கடை மாதிரி ஆகிவிடும்.

நடுச்சுவரை மறைக்க பீரோவைத் தள்ளிவைக்கலாம் என்று உனக்குத் தோன்றும். வைக்காதே. சின்ன வயதில் பால் செம்பைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் பாயைப் போட்டு மூடினவள் நீ.

சாவியைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான். எனக்கும் இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. இந்த ஊர்ப் புழுக்கம் அப்படி.

கமருன்னிஸா


அதிராம்பட்டினம்
12.11.2024

ராத்தா,

நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் பீரோவைத்தான் தள்ளிவைத்தேன். பீரோ மறைக்காத இடத்துக்குத் திரைச்சீலை தொங்கவிட்டேன். மறுநாள் ஆட்கள் வருகிறார்கள், வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

மாப்பிள்ளையின் உம்மாவும் இரண்டு பெண்களும் வந்தார்கள். தரையைப் பாராட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, புதுசா என்று கேட்டார்கள். வட்டலப்பம் சாப்பிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது அந்தம்மா எழுந்து மறுபடி அறைக்குள் போனார். நின்று மூக்கை உறிஞ்சினார். திரைச்சீலையை விலக்கினார். "சன்னல் இல்லாத இடத்துல எதுக்கும்மா திரை?" என்றார். ராத்தா, எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. "வீட்டை உங்க வசதிக்கு அழகா வச்சிருக்கீங்க, நான் குறை சொல்லல. ஆனா என் புள்ள நெஞ்சு இந்த ஈரத்தைத் தாங்காது. முப்பதாம் தேதி வந்து பார்க்கிறேன். காயலைன்னா அடுத்த லீவுக்குத் தள்ளிக்கலாம்" என்றார். அடுத்த லீவு என்றால் ஒரு வருடம். ஒரு வருடத்தில் அவர்களுக்கு எத்தனை பேர் எத்தனை பெண்ணைக் காட்டுவார்கள். ஷிஃபா அவர்கள் போகிறவரை சிரித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் விளக்குச் சரத்தைக் கழற்றிச் சுருட்டிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் நிமிராமல் இருந்தது திகைப்பால் இல்லை. இவர் கேட்கப்போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். முந்தின வாரம் நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்ததுதான். எனக்கும் ஆசை இருந்தது ராத்தா. உம்மா போனபின் பூட்டிக் கிடக்கப்போகிற பாதி, இங்கே வளர்ந்து நிற்கிற பெண். நீங்கள் சரி என்று சொல்லிவிட்டால், நான் வாய் திறந்து கேட்டேன் என்ற பெயர் இல்லாமலே கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் சோறு போட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனபோதுதான் உறைத்தது. இவர் இன்றைக்கும் உங்கள் பெயரைச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

அந்த ஆசை இப்போது இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. எனக்கு இந்தச் சுவர் காய்ந்தால் போதும்.

ஃபஹ்மிதா


மண்ணடி
16.11.2024

ஃபஹ்மிதா,

இதோடு சாவி இருக்கிறது. துணியில் வைத்துத் தைத்திருக்கிறேன், கிழிக்கும்போது பார்த்துக் கிழி. பூட்டு துருவேறியிருக்கும், எண்ணெய் விடு. திறக்காவிட்டால் உடை. பகலில், தெரு பார்க்க உடை. யாராவது கேட்டால் கமருன்னிஸா சொன்னாள் என்று சொல்.

நேராக மாடிக்குப் போகச் சொல் அந்தக் கொத்தனாரை. குழாய் வாயில் சருகு இல்லை. தலையணை இருக்கிறது.

நான்தான் அடைத்தேன். பாத்திஹா முடிந்து, இங்கே கிளம்புவதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். தூறல் போட ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ அண்டாவைக் குழாய்க்கு அடியில் இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாதி வீடும் வேண்டுமாம், என் மாடித் தண்ணீரும் வேண்டுமாம். பரணில் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுபோய்க் குழாய் வாயில் திணித்து, கட்டைவிரலால் குத்திக் குத்தி அடைத்தேன். மேலே ஒரு செங்கல்லும் வைத்தேன். உனக்குப் பருப்பு வேகக் கூடாது என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று நினைக்கவில்லை. வாப்பா இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார்.

நீ குழாயைப் பற்றி எழுதியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சருகு என்று எழுதினேன். அந்தப் பொய்யால் உனக்குப் பதின்மூன்று நாள் போயிற்று. நீ உன் ஆசையை அப்படியே எழுதிய பிறகு எனக்கு என் புத்தியை மறைத்து வைத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஷிஃபாவிடம் இதைச் சொல்லாதே. இல்லை, சொல். யாராவது அவளுக்குச் சொல்லத்தான் போகிறார்கள்.

கமருன்னிஸா


அதிராம்பட்டினம்
21.11.2024

ராத்தா,

செவ்வாய்க்கிழமை திறந்தோம். எண்ணெய் விட்டதும் பூட்டு திறந்துகொண்டது, உடைக்க வேண்டிவரவில்லை. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன்.

மாடியில் கணுக்காலுக்குமேல் தண்ணீர் நின்றது. பாசி, தவளை, ஓரத்தில் ஒரு அரசங்கன்று வேறு. அறிவுச்செல்வன் தலையணையைப் பிடித்து இழுத்தாரோ இல்லையோ, தண்ணீர் முற்றத்தில் வந்து கொட்டியது. ஷிஃபா அவசரமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கறுப்புத் தண்ணீர், ஒரே நாற்றம். அப்படியே அண்டாவைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பத்து நாளில் இப்போதுதான் சிரித்தாள். உங்கள் விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். "பெரியம்மாவுக்கு இவ்வளவு கோவம் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டுமே. படித்ததும் கோபம்தான் வந்தது. அண்டாவை நான் அன்றைக்கே இழுத்து வைத்திருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது. நீங்கள் அழுதுகொண்டு பெட்டி கட்டும்போது எனக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறது.

இனிமேல்தான் கெட்ட சேதி. வாப்பா அடைத்த வாசலில் ஒரு கல்கூடத் தேறவில்லை. கையால் எடுத்தாலே வருகிறது. பக்கத்துச் சுவர் உறுதியாக இருக்கிறதாம், மேலே பழைய விட்டமும் நன்றாக இருக்கிறதாம். அடைத்ததை மட்டும் முழுக்க எடுத்துவிட்டார். இப்போது என் அறையில் நின்றால் உங்கள் கூடம் தெரிகிறது. புதிதாகக் கட்டினால் இந்த மழைக்காலத்தில் காய இரண்டு மாதம் ஆகும் என்கிறார். முப்பதாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. கட்டினால் ஈரம், கட்டாவிட்டால் ஓட்டை. கட்டுவதென்றால் உங்கள் எல்லையைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கம் ஒரு விரல் அளவுகூட வராது.

உங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்தேன். எதையும் இடம் மாற்றவில்லை. உம்மாவின் தஸ்பீஹ் மணிமாலை ஆணியில் அப்படியே தொங்குகிறது. கூடத்தில் ஈரம், கொல்லைப்புறம் செல் அரித்திருக்கிறது. மேற்கு அறை மட்டும் அப்பளம் காயப்போடலாம் போல் காய்ந்து கிடக்கிறது. இதை எதையும் கேட்பதற்காக எழுதவில்லை. பார்த்ததை எழுதினேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், அடித்தால் இன்னும் தப்பாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கடலில் ஏதோ தாழ்வு நிலை என்று வேறு சொல்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை ராத்தா. கட்டவா, தார்ப்பாய் போடவா, நீங்களே சொல்லுங்கள்.

ஃபஹ்மிதா


மண்ணடி
25.11.2024

ஃபஹ்மிதா,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை கூப்பிடாதே. பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும்.

வீட்டை நான் கொடுக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நானும் உன் மச்சானும் கடைசியில் வந்து படுக்கப்போகிற இடம் அது. அறையைக் கொடுக்கிறேன். மேற்கு அறை, ஜனவரி பதினேழு வரைக்கும், நாற்பது நாள்.

பெண் வீட்டுக்கு வர வேண்டிய மாப்பிள்ளை பெரியம்மா வீட்டில் படுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று உடனே உனக்குக் கவலை வரும். உன்னை எனக்குத் தெரியும். அதனால் சுவரைக் கட்டாதே. வருகிறவர்கள் உன் வாசலில் ஏறி, உன் அறையைத் தாண்டி, நடுவாசல் வழியாக மேற்கு அறைக்குப் போகட்டும். உன் வீட்டுக்குள் நடந்துபோய்ச் சேருகிற அறை உன் வீட்டு அறைதான். முப்பதாம் தேதி அந்தம்மா வரும்போது நானே கூட நின்று காட்டுகிறேன். அங்கே சன்னல் இருக்கிறது, உன் திரைச்சீலையை அதில் மாட்டு. ஷிஃபாவை விளக்குச் சரத்தை எடுக்கச் சொல். இந்தத் தடவை அறை பூராவும் போட்டுக்கொள்ளட்டும்.

நடுவாசலுக்குப் புதுக் கதவு வாங்கிக் காசைக் கரைக்காதே. என் கொல்லைப்புறக் கதவு பர்மாத் தேக்கு, செல் அரித்தது நிலைதான், கதவு இல்லை. அதைக் கழற்றி அங்கே மாட்டச் சொல். கொல்லைக்குத் தகரம் போதும். தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் வேண்டும். நாளைக்கு நாம் சண்டை போட்டுக்கொண்டால் ஆளுக்கொன்று சாத்திக்கொள்ளலாம். சண்டை போடாமல் நம்மால் இருக்க முடியாது.

வியாழக்கிழமை காலையில் வருகிறேன். உன் வீட்டுக்காரரைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பு. தலையைக் குனிந்தபடியே என் பெட்டியைத் தூக்கட்டும்.

டிவியில் மழை, மழை என்கிறார்கள். முதல் மழை தளத்தைக் கழுவிக்கொண்டு போகும், அதைப் பிடிக்காதே. இரண்டாவது மழைக்கு அண்டாவைக் குழாய்க்கு அடியில் வை.

ராத்தா